பத்தாங் பெர்ஜுந்தையில் வாராந்தர உணவு வங்கி: தீபாவளி மூட்டையோடு நிறுத்தலாமா?

பெர்ஜுந்தை மகள் | ஞாயிறு, இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். இன்று கோயில் பின்னறையைக் கூட்டிப் பெருக்கினோம். உள்ளே கிடந்தவை: மூன்று பெட்டி சார்டின், ஏழு பெட்டி கிரீம் பிஸ்கட், பூச்சி விழுந்த ரவை, யாரோ கொடுத்துப்போன இரண்டு பை ஸ்பகெட்டி. அரிசி ஒரு மணிகூட இல்லை. மாலை நான்கு மணிக்குத் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒரு பாட்டி குடை பிடித்து நடந்து வந்து, "அரிசி வந்திருக்கிறதா, அம்மா?" என்று கேட்டார். பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன். தமக்குச் சர்க்கரை நோய் என்று சொல்லிக்கொண்டே வாங்கினார். பேரப்பிள்ளைக்கு ஆகும் என்று, என் மனம் நோகாதபடி, சேர்த்தும் சொன்னார். அவர் போன பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

நம் ஊரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பலகையில் இப்போது பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். எங்களுக்கு இது பத்தாங் பெர்ஜுந்தைதான். கோலசிலாங்கூர் மாவட்டம், சுற்றிலும் செம்பனை. தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களில் கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் கார் காராக வருவார்கள். ஒரே வீட்டுக்கு நான்கு மூட்டை அரிசி சேர்ந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் யாரும் வருவதில்லை. பள்ளி திறக்கும் செலவு, கடன், மழைக்காலத்தில் குறைந்த வேலை நாள்கள், எல்லாம் சேர்ந்து அழுத்துவது அந்த மாதங்களில்தான். பசி தீபாவளிக்குத் தீபாவளி வருவதில்லை.

வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம். யாரும் வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி ஓர் உணவு வங்கியை இங்கே நடத்த முடியுமா? பொருள் எங்கிருந்து வரும், யார் கொண்டுவருவது, எப்படிக் கெடாமல் வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

பழைய கிராணி | ஞாயிறு, இரவு 10.40

மகளே, நல்ல கேள்வியைத் தொடங்கியிருக்கிறாய். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேடு எழுதியவன். யார் வீட்டில் எந்த வாரம் அடுப்பு எரியாது என்று பேரேட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

இந்த நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது நம் ஊரில்தான். 1917இல், தென்னமரம் தோட்டத்தில். பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே தொடங்கிய தோட்டம் அது. தோட்டத்தின் பெயரே தமிழ்ப் பெயர். நட்டவர்களும் வெட்டியவர்களும் நம் பாட்டன் பூட்டன்கள். இன்று மலேசியாவுக்குக் கோடி கோடியாகக் கொடுக்கும் எண்ணெயின் முதல் குலை நம் மண்ணில் விழுந்தது. அந்த மண்ணில் ஒரு பாட்டி குடை பிடித்து அரிசி கேட்டு நடக்கிறார் என்று படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வெளியூர்க்காரர்கள் பலருக்குப் புரியாத ஒன்று உண்டு. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டியவை. ஓய்வு பெற்றால் வீட்டை ஒப்படைக்க வேண்டும். காலமெல்லாம் நாள்கூலி வாங்கியவருக்கு ஊழியர் சேமநிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கும்? குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று இந்த நாட்டில் 2013இல்தான் வந்தது. தீபகற்பத்தில் 900 வெள்ளி (ரிங்கிட்). 2022 மே மாதம் 1,500 ஆனது, 2025 பிப்ரவரியில் 1,700. ஆனால் 2013க்கு முன்பே முதுகு வளைந்துபோனவர்களுக்கு அந்த உயர்வால் என்ன பயன்? சேமநிதிப் பணம் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) மலிவுவிலை வீட்டுக்கு முன்பணமாகப் போனது. மிச்சம் பிள்ளையின் கல்யாணத்துக்குப் போனது. இப்போது கையில் இருப்பது முதுமை மட்டுமே.

அந்தக் காலத்தில் கடைக்காரர் 555 என்ற சிறு கடன் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பார். சம்பள நாளில் தீர்க்க வேண்டும். அதில் ஏமாற்றும் இருந்தது, ஈரமும் இருந்தது. சம்பள நாள் என்று ஒன்று இல்லாதவருக்கு இன்று எந்தக் கடைக்காரர் நோட்டுப் போடுவார்?

நேர்வழி | திங்கள், காலை 7.05

பெரியவர் மன்னிக்க வேண்டும். நான் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன். ஆறு ஆண்டுகள் பொட்டலம் கட்டிக் கொடுத்தவன் நான். வாங்கிய அரிசியை மறுநாளே பாதி விலைக்கு விற்றுவிட்டுச் சம்சு என்ற மலிவுச் சாராயம் வாங்கியவரை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளில் இரண்டு நிறுவனங்களின் வரிசையிலும் போய் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து எடுக்கலாம் என்றால் முதல் அரை மணி நேரத்தில் அறை காலியாகிவிடும். பாட்டி நடந்து வந்து சேரும்போது ஒன்றும் இருக்காது.

இன்னொன்று. படம் எடுக்கக்கூடாது என்று இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. பணம் கொடுப்பவர் தம் பணம் எங்கே போனது என்று கேட்கமாட்டாரா? பெயர், அடையாள அட்டை எண், படம் மூன்றும் இருந்தால்தான் நம்பிக்கை வரும். நான் மனம் கசந்து எழுதவில்லை. கொடுத்தவர்கள் இரண்டாம் முறை கொடுக்காமல் போனதைப் பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

மூன்றாம் லயம் | திங்கள், காலை 8.50

நேர்வழி அண்ணே, உங்களுக்குப் பதில் எழுதாமல் இன்று வேலைக்குப் போக முடியாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

2021 ஜூலை. எனக்குப் பதினான்கு வயது. நடமாட்டக் கட்டுப்பாடு மறுபடி இறுகியிருந்தது. அப்பாவுக்கு வேலை நின்று இரண்டு மாதம். அந்த நேரத்தில்தான் வீட்டில் சாப்பாடு இல்லையென்றால் வெள்ளைக்கொடி கட்டுங்கள் என்ற இயக்கம் நாடு முழுவதும் பரவியது. அம்மா பள்ளிச் சட்டை ஒன்றைக் கிழித்துக் கொடியாகக் கட்டினார். என் பழைய சட்டை. பக்கத்து வீட்டு மலாய் மாமா சட்டிச் சோற்றைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அந்தச் சோற்றின் ருசி இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து ஒரு குழு வந்தது. என்னைப் பதாகையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்கள். அரிசி மூட்டையை அம்மா கையில் கொடுத்து, படம் சரியாக விழவில்லை என்று திரும்ப வாங்கி, மறுபடி கொடுத்தார்கள். மூன்று முறை. அந்தப் படம் என் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. பள்ளி திறந்த பிறகும் நான் ஒரு வாரம் போகவில்லை. அம்மா அதன் பிறகு எவரிடமும் எதையும் கேட்டதில்லை. அந்த ஆண்டு இறுதியில் வெறும் சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்ட நாள்கள் இருந்தன. கொடுக்க ஆள் இருந்தார்கள். கேட்க அம்மாவுக்கு வாய் வரவில்லை.

சம்சுவுக்கு அரிசி விற்றவரை நீங்கள் பார்த்தது உண்மையாக இருக்கட்டும். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு யார் சோறு போட்டது?

விடுதி மாணவி | திங்கள், காலை 9.20

தம்பி எழுதியதைப் படித்தேன். நான் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். மாதக் கடைசியில் ஒரு மீ பாக்கெட்டை இரண்டு வேளையாகப் பிரித்துச் சாப்பிடும் மாணவர்கள் இருக்கிறார்கள். உணவு வங்கி என்றால் மாணவர்களும் வரலாமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் பெயர் எழுதுவது, மைகார்டு (அடையாள அட்டை) உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பம் நிரப்புவது, மூட்டை தூக்குவது எல்லாம் எங்களால் முடியும்.

பெர்ஜுந்தை மகள் | திங்கள், காலை 9.31

வாருங்கள் மா. கூச்சம் வேண்டாம்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | திங்கள், மதியம் 1.10

நான் கிளினிக்கில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தாதியாக இருந்தவள். ஊரில் பாதிப் பேர் என்னை இன்னும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். படம், பதிவு பற்றி மற்றவர்கள் பேசட்டும். நான் மூட்டைக்குள் இருப்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். அதே ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஒரே வீட்டில் தாத்தாவுக்குக் கால் புண் ஆறாது, பேத்திக்கு உடம்பு வளராது. இரண்டுக்கும் நாம் கொடுப்பது வெள்ளை அரிசி, சீனி, பால்டின், மைலோ, கிரீம் பிஸ்கட். கொடுப்பவர் நல்ல மனத்தோடுதான் கொடுக்கிறார். கட்டுப் போட வந்தவரின் கால்விரல் கறுத்துப்போனதைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: சீனியை மூட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். யாருக்கு வேண்டுமோ அவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

பருப்பு வாங்குங்கள், பச்சைப்பயறு வாங்குங்கள், நெத்திலி வாங்குங்கள். முட்டை உடையும் என்று பயந்து எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்; ஆனால் வளரும் பிள்ளைக்கு ஒரு முட்டையைவிட எளிதான உணவு ஏது? சார்டின் நல்ல பொருள்தான். ஆனால் வெறும் சார்டினை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு வெங்காயம், இரண்டு பச்சைமிளகாய், கொஞ்சம் எண்ணெய், புளி, மிளகாய்த்தூள் இருந்தால்தான் அது குழம்பு. மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் இல்லாத மூட்டையைத் தமிழ் வீட்டுக்குக் கொடுப்பது அடுப்பில்லாமல் பானை கொடுப்பது மாதிரி.

அடுப்பு என்றதும் நினைவு வருகிறது. எரிவாயுத் தோம்பு (சிலிண்டர்) மானிய விலையில் 14 கிலோ 26 வெள்ளி 60 சென். கொண்டுவந்து போடுவதற்குக் கூலி தனி. அரிசி இருந்தும் தோம்பு காலியாக இருந்ததால் மூன்று நாள் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்ட ஒரு தம்பதியரை எனக்குத் தெரியும். அரிசி வேண்டுமா என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்.

கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் சாப்பாட்டைப் பற்றிப் பலர் கேட்பார்கள், அதனால் முன்னதாகவே எழுதிவிடுகிறேன். சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது கணக்கு. பன்னிரண்டு மணிக்குச் சமைத்து முடித்த சாம்பாரை மாலை ஆறு மணிக்கு லயத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நம் வெயிலில் அது நஞ்சு.

லோரி அண்ணன் | திங்கள், இரவு 11.55

மிஸ்ஸி காய்கறியை எழுதாமல் விட்டுவிட்டார், நான் எழுதுகிறேன். வாரத்தில் ஐந்து நாள் செலாயாங் மொத்தச் சந்தைக்கு லோரி ஓட்டுகிறேன். கேமரன் மலையிலிருந்து கோஸ், தக்காளி, பயிற்றங்காய் இரவில் இறங்கும். விடியும்போது, வளைந்த வெள்ளரிக்காய், தோல் கீறிய தக்காளி, மேல் இலை வாடிய கோஸ் எல்லாம் ஓரத்தில் குவிந்துவிடும். ருசியில் குறை கிடையாது. கடையில் வைத்தால் வாங்கமாட்டார்கள் என்பதுதான் குறை. கோலாலம்பூரில் சில அமைப்புகள் வந்து அந்தக் குவியலைப் பொறுக்கித் தரம் பிரித்து எடுத்துப்போகின்றன. அதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது.

செவ்வாய்க்கிழமை திரும்பும்போது என் லோரி பெரும்பாலும் காலி. பெர்ஜுந்தை வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன். வியாபாரிகள் இரண்டு பேரிடம் பேசிவிட்டேன், கூடை திரும்பி வந்தால் போதும் என்கிறார்கள். எண்ணெய்க் காசு எனக்கு வேண்டாம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கூரைக்குக் கீழே வைக்க இடம் வேண்டும், வந்த அன்றே பிரிக்க ஆள் வேண்டும். கீரையை மறுநாள் பார்க்கலாம் என்றால் மாட்டுக்குத்தான் போகும்.

பேரங்காடி ஊழியர் | செவ்வாய், காலை 6.40

வணக்கம் அக்கா, வணக்கம் ஐயா. நான் பெர்ஜுந்தையில் பிறந்து இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பேரங்காடியில் சரக்குப் பிரிவில் இருக்கிறேன். பொருள் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குக் கொஞ்சம் பதில் தெரியும்.

உணவு வங்கி என்ற பெயர் அமெரிக்காவில் பிறந்தது. 1967இல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் செயின்ட் மேரிஸ் என்ற முதல் உணவு வங்கியைத் தொடங்கினார். கடைகள் குப்பையில் எறிந்ததை எடுத்துப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய், பணத்துக்கு இருப்பதுபோல் உணவுக்கும் ஒரு வங்கி இருந்தால் போடுபவர் போடுவார், தேவைப்படுபவர் எடுப்பார் என்று அவரிடம் சொன்னதாகச் சொல்வார்கள். யோசனையைக் கொடுத்தவர் பசியை அறிந்தவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பெரிய உணவு வங்கிகள் நேராக வீட்டுக்குக் கொடுப்பதில்லை. அவர்களுக்குக் கிடங்கு இருக்கும், குளிர்அறை இருக்கும். ஆலைகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் மிஞ்சியதை மொத்தமாக வாங்கிச் சேர்த்து, ஊருக்கு ஊர் இருக்கும் சிறிய அமைப்புகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள். கடைசி வீடு வரை கொண்டுபோவது அந்தச் சிறிய அமைப்பு. இங்கே 2013இல் தொடங்கிய ஃபுட் எய்ட் ஃபவுண்டேஷன் இருக்கிறது, த லாஸ்ட் ஃபுட் புராஜெக்ட் இருக்கிறது, கெச்சாரா இருக்கிறது. அரசாங்கமும் 2018 டிசம்பரில் பினாங்கில் உணவு வங்கித் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. நாம் செய்ய வேண்டியது புதிதாகப் பெரிய கிடங்கு கட்டுவது அல்ல. பெர்ஜுந்தையில் பொறுப்பான ஒரு சிறு அமைப்பு இருக்கிறது, எடைபோட்டு வாங்கி எழுதிவைத்துக் கொடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியப்படுத்துவதே முதல் வேலை.

பொருளுக்குப் பஞ்சமில்லை. இந்நாட்டில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 17,000 டன் உணவு குப்பைக்குப் போகிறது. அதில் ஏறத்தாழ 4,000 டன் இன்னும் சாப்பிடத்தக்கது என்று திடக்கழிவு நிர்வாகக் கழகம் பலமுறை சொல்லியிருக்கிறது. என் வேலையிடத்தில் நானே பெட்டி பெட்டியாக உடைத்துப் போட்டிருக்கிறேன். கை நடுங்கும்.

கொடுக்கக் கடைக்காரர்கள் அஞ்சியதற்கு ஒரு காரணம், யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் வழக்குப் போடுவார்களே என்பது. அதற்காகத்தான் 2020இல் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 826ஆம் சட்டம். நல்லெண்ணத்தோடு, கொடுக்கும் நேரத்தில் பாதுகாப்பாக இருந்த உணவைக் கொடுத்தவர்மேல் இழப்பீட்டு வழக்குப் போடுவதிலிருந்து அது காக்கிறது. கெட்டுப்போனதைத் தெரிந்தே தள்ளிவிடுவதற்கு அது கேடயம் ஆகாது. கடைக்காரரிடம் போகும்போது அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள், முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

தேதி பற்றியும் ஒரு வார்த்தை. "பாய்க் செபெலும்" என்று போட்டிருந்தால் அந்த நாளுக்குப் பிறகு சுவையும் மணமும் குறையத் தொடங்கும் என்று பொருள். பிஸ்கட், மீ போன்றவற்றில் இதைப் பார்க்கலாம். "தாரிக் லுப்புட்" (காலாவதித் தேதி) என்று இருந்தால் அந்த நாளைத் தாண்டியதை எவருக்கும் கொடுக்காதீர்கள். குழந்தைப் பால்மாவில் எந்தத் தேதி தாண்டினாலும் தூக்கி எறியுங்கள். நம் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டோம் என்றால் லயத்துப் பிள்ளைக்கும் கொடுக்கக்கூடாது.

நேர்வழி | செவ்வாய், மதியம் 12.30

தம்பி மூன்றாம் லயம், நேற்று உன் பதிவைப் படித்துவிட்டு என் கைப்பேசியில் இருந்த பழைய படங்களை எல்லாம் புரட்டினேன். பதாகை பிடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தை நான் அப்போது பார்க்கவில்லை, பதாகையின் எழுத்து நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அழித்துவிட்டேன். உன் அம்மாவிடம் ஒரு சகோதரன் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஆனால் கணக்கு வேண்டும் என்பதை நான் விடமாட்டேன். நாற்பது பை வந்தால் நாற்பது எங்கே போயின என்று தெரிய வேண்டும்.

பெர்ஜுந்தை மகள் | செவ்வாய், மதியம் 2.05

அண்ணே, அந்த ஒரு வரியில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். பொருளைப் படம் எடுப்போம், ஆளை எடுக்க வேண்டாம். வந்த எடை, கொடுத்த எடை, வீணான எடை மூன்றையும் வாரா வாரம் இந்த இழையிலேயே போடுகிறேன். வீட்டுக்கு ஓர் எண் அட்டை கொடுப்போம். எத்தனை தலை, எத்தனை குழந்தை, சர்க்கரை நோய் உண்டா என்பது மட்டும் நம் நோட்டில் இருக்கட்டும். அந்த நோட்டை உங்களைவிடக் கறாராக யாரும் எழுதமாட்டார்கள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கடை மாதிரி அடுக்கிவைப்போம். வீட்டுக்கு இத்தனை புள்ளி. அரிசிக்கு இவ்வளவு, முட்டைக்கு இவ்வளவு. காய்கறிக்குப் புள்ளியே கிடையாது, அள்ளிக்கொள்ளலாம். பாட்டிக்குப் பிஸ்கட் வேண்டாமென்றால் பயறு எடுப்பார். அரசாங்கமே இன்று அந்த வழிக்கு வந்துவிட்டது. சாரா உதவியில் மைகார்டைக் காட்டிப் பதிவுசெய்த கடையில் பட்டியலிலுள்ள பொருளை நாமே தேர்ந்தெடுக்கிறோம். 2025 ஆகஸ்ட் 31 முதல் பதினெட்டு வயதான எல்லாக் குடிமக்களுக்கும் 100 வெள்ளி வந்ததே, அப்போது என் அத்தை கடையில் அரை மணி நேரம் நின்று எந்த எண்ணெய், எந்தச் சவர்க்காரம் என்று பார்த்துப் பார்த்து எடுத்தார். அந்த அரை மணி நேரம் அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை எந்த மூட்டையும் கொடுத்ததில்லை.

பழைய கிராணி | செவ்வாய், மாலை 5.20

சாராவைப் பற்றிச் சொன்னாய், சரி. அது குடிமக்களுக்கு. சிவப்பு அடையாள அட்டைக்காரர்களை என்ன செய்வது? இங்கேயே பிறந்து, இங்கேயே பால்மரம் வெட்டி, பிறப்புப் பத்திரம் இல்லாததால் இன்றும் சிவப்பு அட்டையோடு இருக்கும் கிழவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. 1960களின் கடைசியில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது எத்தனை குடும்பங்கள் கப்பலேறின! போகாமல் நின்றவர்களில் சிலர் இன்னும் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களுக்கு நம் உணவு வங்கியைத் தவிர வேறு கதவு கிடையாது. ஆகவே அட்டையின் நிறம் கேட்காதீர்கள். நேர்வழி, நோட்டு உன் கையில் இருப்பதால் உனக்குத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் மனத்தில் இருக்கிறது. இடம். கோயில் பின்னறை நமக்கு வசதி. ஆனால் வெள்ளைக்கொடி கட்டிய வீட்டுப் படியில் சோறு வைத்த மலாய்க்காரருக்கு நாளை தேவை வந்தால் கோயில் பின்னறைக்கு வருவாரா? ஆற்றுப் பக்கத்துக் கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) கணவனை இழந்த பெண்கள் இருக்கிறார்கள். தோட்டத்தில் இப்போது குலை வெட்டும் வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பொது மண்டபமான பாலாய் ராயாவைக் கேளுங்கள். நான் கோயிலுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். வள்ளலார் வடலூரில் 1867ஆம் ஆண்டு தருமச்சாலை தொடங்கியபோது சாதி, மதம் பார்த்துச் சோறு போடச் சொல்லவில்லை. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. உணவு வங்கி அமெரிக்காவில் பிறந்ததாகத் தம்பி எழுதினார். பெயர் அங்கே பிறந்திருக்கலாம். அதற்குச் சரியாக நூறு ஆண்டுக்கு முன்பே நம்மிடம் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

நேர்வழி | செவ்வாய், மாலை 6.45

பாலாய் ராயா என்றால் கோயிலுக்குக் கொடுப்பவர்கள் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று ஓர் அச்சம் எனக்கு உண்டு. நம் ஆள்களுக்கே போதவில்லை என்ற பேச்சும் வரும்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | செவ்வாய், இரவு 7.30

வரும் தம்பி. வரட்டும். கிளினிக் வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்ற தாய்மார்களை நான் பெயரைப் பார்த்து உள்ளே விட்டதில்லை. காய்கறியில் ஹலால் சிக்கல் ஒன்றும் இல்லை. முட்டை, அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாரும் சாப்பிடுவது. டின் உணவில் மட்டும் சின்னம் பார்த்துத் தனி அடுக்கு வையுங்கள். மாட்டிறைச்சி டின் வந்தால் அதற்கும் தனி அடுக்கு. நம் வீடுகளில் பலர் தொடமாட்டார்கள். அரிசியும் உலர்ந்த பொருளும் கோயில் அறையில் பூட்டோடு இருக்கட்டும், விநியோகம் பாலாய் ராயாவில் நடக்கட்டும்.

மூன்றாம் லயம் | செவ்வாய், இரவு 9.00

நேரத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். மாலை ஐந்தரைக்கு வையுங்கள். காலை வேளையில் வைத்தால் வேலைக்குப் போகும் அம்மாக்கள் வர முடியாது, பள்ளிப் பிள்ளைகளை அனுப்புவார்கள். பள்ளி விடுமுறை வாரங்களில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். பள்ளியில் கிடைக்கும் கூடுதல் உணவுத் திட்டச் சாப்பாடு விடுமுறையில் நின்றுவிடும். என் தங்கைக்கு அந்தக் காலத்தில் விடுமுறை என்றாலே பிடிக்காது.

நடக்க முடியாதவர்களுக்கு நான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஆறேழு வீடு என்றால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். படியில் வைத்துவிட்டுப் போவேன்.

பெர்ஜுந்தை மகள் | வியாழன், இரவு 10.10

இரண்டு நாளாக அலைந்ததில் நடந்தவை. பாலாய் ராயா கிடைத்துவிட்டது, செவ்வாய்க்கிழமைகளில் மாலை நான்கு முதல் ஏழு வரை. கம்பத் தலைவர் சாவியைக் கொடுக்கும்போது மேசை எத்தனை வேண்டும் என்று மட்டும் கேட்டார். மீன் கடைக்காரர் பழைய தராசு ஒன்றை இரவல் தந்திருக்கிறார். கோலாலம்பூரில் உள்ள ஓர் உணவு வங்கிக்குப் பேரங்காடித் தம்பி எழுதிக்கொடுத்த கடிதத்தை அனுப்பிவிட்டோம். பதில் வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. முதல் வாரத்துக்கு உள்ளூர்ச் சில்லறைக் கடைக்காரர் பத்துக் கிலோ உள்ளூர் வெள்ளரிசிப் பைகளை 26 வெள்ளி என்ற கட்டுப்பாட்டு விலைக்கே எடுத்துத் தருகிறார். மானிய எண்ணெய் பாக்கெட் 2 வெள்ளி 50 சென்; தலைக்கு இத்தனை என்று வரம்பு இருப்பதால் மாணவிகள் நான்கு பேர் தனித்தனியாக வரிசையில் நின்று தங்கள் வீட்டுக்கு வாங்குவதில் ஒன்றைக் கொடுப்பதாகச் சொன்னார்கள்; வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

கிரீம் பிஸ்கட் ஏழு பெட்டியையும் மிஸ்ஸி என்ன செய்யலாம் என்று கேட்டார். பாலர் பள்ளிக்கு ஒரு பெட்டி, மிச்சம் தேதி பார்த்து அடுக்கில் தனியாக. புள்ளி கிடையாது, யாரையும் எடுக்கச் சொல்லவும் மாட்டோம்.

லோரி அண்ணன் | வியாழன், இரவு 11.40

செவ்வாய் விடியற்காலையில் ஏற்றுகிறேன். மூன்றரைக்குள் பாலாய் ராயா வாசலில் இருப்பேன். கூடைகளை வெயில் படாத பக்கம் வையுங்கள். கோஸ் மேல் எதையும் அடுக்காதீர்கள்.

பெர்ஜுந்தை மகள் | வியாழன், இரவு 11.52

சரி அண்ணே. முன்கூட்டியே இரண்டு பேரை அங்கே நிற்க வைக்கிறேன்.

குடை பிடித்து வந்த பாட்டிக்கு அரிசியும் பயறும் இன்று மாலையே கொடுத்துவிட்டு வந்தேன். தோம்பையும் தூக்கிப் பார்த்தேன், பாதி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தாம் வரிசையில் நிற்பதற்குப் பதிலாக வெங்காயம் பிரித்துத் தரலாமா என்று கேட்டார். ஒரு நாற்காலி கொண்டுவர வேண்டும், மூன்றாம் லயத்துத் தம்பி, உன் மோட்டார் சைக்கிளில் அவரை ஏற்றி வர முடியுமா?